எதிர்ல வண்டி வரும்போது பஸ் ஓவர்டேக் எடுத்தா லாரிக்காரன் பிரேக் போடணுமா, அப்படியே போகணுமா?

சங்ககிரி_டென்வீலர்:

வணக்கம். விவரம் தெரிஞ்ச டிரைவர்மாருங்க பதில் சொல்லுங்க. வண்டி பத்து வீல், லோடோட மொத்தம் 28.5 டன். கேக்கறது மீடியன் இல்லாத இருவழி ரோடு பத்தி. தேனியில இருந்து குமுளி போற ரோடு மாதிரி வெச்சுக்கோங்க. நம்ம வண்டி 55, 60ல போகுது. பின்னாடி இருந்து ஒரு பஸ் வலது பக்கம் ஏறி வருது. பாதி தூரம் வந்ததும் எதிர்ல வண்டி தெரியுது. இப்ப நாம என்ன செய்யணும்?

ஸ்டாண்டுல கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பிரேக்கை மிதிச்சு வழி விடுங்கறாரு ஒருத்தரு. நீ பாட்டுக்குப் போ, ஏறுனவன் பாத்துக்குவான்ங்கறாரு இன்னொருத்தரு. இடது பக்கம் மண்ணுல இறக்கிருங்கறாரு மூணாவது ஆளு.

அப்புறம், பின்னாடி வர்றவனுக்குப் 'போலாம்'னு இன்டிகேட்டர் போடறோமே, அது லெஃப்டா ரைட்டா? தமிழ்நாட்டைத் தாண்டிட்டா அர்த்தமே மாறிடுது. கடைசியா ஒண்ணு: முன்வண்டிக்கு இடைவெளி விட்டா அந்த இடத்துல கார் வந்து சொருகிக்குது. விடலைன்னா நமக்கு ஆபத்து. இதுக்கு வழி உண்டா?

ஏர்டேங்க்:

எதைச் செய்யணும்ங்கறது அந்த பஸ்ஸோட மூக்கு எங்க இருக்குங்கறதைப் பொறுத்தது.

மூக்கு உங்க பாடிக்கு நேரா இருக்கற வரைக்கும் அவனுக்கு ரெண்டு வழி உண்டு. ஏறிப் போலாம், இல்ல பின்வாங்கலாம். எதிர் வண்டியைப் பாத்ததும் அவன் பிரேக் அடிச்சுப் பின்வாங்கப் பாக்கறான்னு வைங்க. அதே செகண்ட்ல நல்லது பண்றோம்னு நெனச்சு நீங்களும் பிரேக் அடிச்சா, ரெண்டு வண்டியும் சேந்தே வேகம் குறையும். பக்கத்துல பக்கத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும். அவன் உள்ள வர முன்னாடியும் இடம் இல்ல, பின்னாடியும் இடம் இல்ல. நேருக்கு நேர் மோதல் நெறைய இப்படித்தான் அமையுது. அதனால மூக்கு உங்க கேபினுக்குப் பின்னாடி இருந்து, அவன் பிரேக் போடறது தெரிஞ்சா, நீங்க வேகத்தை மாத்தாதீங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஸ்டியரிங் நேரா. அவன் தானா நழுவிப் பின்னாடி போயிருவான்.

மூக்கு கேபினைத் தாண்டிருச்சுன்னா கதை வேற. இனிமே அவன் முன்னாடிதான் போவான். உடனே ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுங்க, எக்ஸாஸ்ட் பிரேக் (இன்ஜின் புகை போற வழிய அடைச்சு வேகத்தைக் குறைக்கறது) போடுங்க, பத்தலைன்னா கால் பிரேக். அவன் உங்க மூஞ்சிக்கு முன்னாடி 5 மீட்டர்ல வெட்டி உள்ள வருவான்னு எதிர்பாத்தே செய்யணும்.

அவன் பிரேக் போடறானா ஏத்தறானான்னு எப்படித் தெரியும்? வலது கண்ணாடியப் பாருங்க. பிரேக் அடிச்சா பஸ்ஸோட மூஞ்சி குனியும். ராத்திரின்னா அவன் ஹெட்லைட் வெளிச்சம் சட்டுனு ரோட்டுல கிட்டக்க வந்து விழும். ஒரு செகண்ட் வேலைதான், ஆனா கண்ணு அந்தக் கண்ணாடியில இருக்கணும்.

இது நெருக்கடியில செய்யறது. நெருக்கடியே வராம இருக்க, அவன் வலது பக்கம் ஒதுங்கி ஏற ஆரம்பிக்கும்போதே 60ஐ 50 ஆக்கிருங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. பஸ் 12 மீட்டர், லாரி 10 மீட்டர், ஏறும்போது பின்னாடி 20 மீட்டர், உள்ள வரும்போது முன்னாடி 20 மீட்டர். ஆக அவன் உங்களைவிட 62 மீட்டர் கூடுதலா ஓடியாகணும். அவன் 80, நீங்க 60ன்னா வித்தியாசம் 20 கி.மீ., அதாவது செகண்டுக்கு அஞ்சரை மீட்டர். 11 செகண்ட் அவன் எதிர்ப்பாதையில இருப்பான், கிட்டத்தட்ட 250 மீட்டர் ஓடுவான். எதிர்ல 80ல வர்ற வண்டியும் அதே நேரத்துல 250 மீட்டர் வந்துரும். மொத்தம் 500 மீட்டர் காலி ரோடு வேணும். நீங்க 50க்கு வந்துட்டா அதே ஓவர்டேக் ஏழரை செகண்ட்ல முடியும், 330 மீட்டர் போதும். 170 மீட்டர் நீங்க கொடுக்கறது. பதிலுக்கு உங்களுக்குப் போறது, திரும்ப பிக்கப் எடுக்கறதையும் சேத்து, நாலஞ்சு செகண்ட்.

இதுல நெறைய பேர் விடற தப்பு மூணு.

எக்ஸாஸ்ட் பிரேக் போட்டுட்டு பழக்கத்துல கிளட்சை மிதிக்கறது. கிளட்ச் மிதிச்ச உடனே எக்ஸாஸ்ட் பிரேக் விட்டுப் போயிரும். வண்டி சும்மா உருளும்.

பின் விளக்கு எரியாம வேகத்தைக் குறைக்கறது ரெண்டாவது. பல வண்டியில எக்ஸாஸ்ட் பிரேக்குக்கு பிரேக் லைட் எரியாது. பின்னாடி ஒட்டி வர்றவனுக்கு நீங்க குறைக்கறது தெரியாது. பெடலை லேசா தொட்டு விளக்கை எரிய விடுங்க.

மூணாவது, பஸ் போயிருச்சுன்னு நிம்மதியா ஆக்சிலேட்டரை மிதிக்கறது. பஸ்ஸோட வாலைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கார் வரும், அதுக்குப் பின்னாடி ஒரு டெம்போ வரும். அவங்க யாருக்கும் எதிர்ல என்ன வருதுன்னு தெரியாது, பஸ் மறைக்குது. கண்ணாடியில கடைசி வண்டி போனதைப் பாத்துட்டுத்தான் வேகம் எடுக்கணும்.

மண்ணுல இறக்கற விஷயம்: 60ல இறக்காதீங்க. தார் ஓரத்துக்கும் மண்ணுக்கும் பல இடத்துல நாலு விரல், ஆறு விரல் பள்ளம் இருக்கும். மழைக்குப் பிறகு மண்ணு கொளகொளன்னு இருக்கும். முன் இடது டயர் இறங்கின உடனே வண்டிய இடது பக்கம் இழுக்கும். டிரைவர் பயந்து வலது பக்கம் வெட்டுவார். டயரோட பக்கவாட்டு தார் விளிம்புல உரசிக்கிட்டே வந்து, ஒரு கட்டத்துல திடீர்னு ஏறும். அப்ப ஸ்டியரிங் ஏற்கெனவே வலது பக்கம் முழுசா திரும்பி இருக்கும், வண்டி நேரா எதிர்ப்பாதைக்குப் போகும், இல்ல கவிழும். இறங்கித்தான் ஆகணும்னா முதல்ல நேர்கோட்டுல பிரேக் போட்டு 30க்குக் கீழ கொண்டு வந்துட்டு, இடது சக்கரங்களை மட்டும் மெதுவா இறக்குங்க. திரும்ப ஏத்தறது வேகம் நல்லா செத்த பிறகுதான்.

கட்டைவண்டி:

ஏர்டேங்க் அண்ணன் சொன்னது லோடு வண்டிக்கு அப்படியே பொருந்தும். காலி வண்டிக்கும் டேங்கருக்கும் கொஞ்சம் மாறும்.

காலி வண்டி நல்லா நிக்கும்னு நெனப்பு நெறைய பேருக்கு. பின் ஆக்சில்ல பாரமே இல்லாதப்ப காலை அழுத்தினா பின் சக்கரம் பூட்டிக்கும், முதுகு ஒரு பக்கம் ஒதுங்கும். ஈர ரோடுன்னா எக்ஸாஸ்ட் பிரேக்கே போதும் பின் சக்கரத்தை வழுக்க வைக்க. பக்கத்துல பஸ் இருக்கறப்ப வண்டியோட முதுகு ஒரு அடி வலது பக்கம் போனா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்காம தடுக்கற அமைப்பு) இருந்தா, அது வேலை செய்யுதான்னு டேஷ்போர்டு விளக்கைப் பாத்து வெச்சுக்கோங்க. விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்தா ஏபிஎஸ் இல்லாத வண்டிதான் அது.

டேங்கர்ல பாதி அளவு திரவம் இருந்தா பிரேக் போட்ட பிறகு ஒரு தள்ளு வரும். வண்டி நின்ன மாதிரி இருக்கும், அப்புறம் உள்ள இருக்கறது முன்னாடி மோதி வண்டிய நகத்தும். அதனால முன்வண்டிக்கு இடைவெளி கூடுதல் வேணும். வைக்கோல், பஞ்சு, தேங்காய் நார் மாதிரி உசந்த லோடுக்கு பிரேக்கைவிட ஸ்டியரிங்தான் எதிரி. சட்டுனு ஒடிச்சா சாஞ்சிரும்.

மலைப் பாதையில ஆபத்து வேற மாதிரி. தொப்பூர் கணவாய்ல தருமபுரி பக்கம் இருந்து சேலம் நோக்கி இறங்கறப்ப, நீங்க கீழ் கியர்ல எக்ஸாஸ்ட் பிரேக்கை நம்பி அளவா இறங்கிட்டு இருப்பீங்க. கார் ஒண்ணு தாண்டி முன்னாடி வந்து, வளைவைப் பாத்து பிரேக் அடிக்கும். நீங்களும் அடிக்கணும். இன்னொரு கார், இன்னொரு பிரேக். பத்து தடவை இப்படி ஆனா பிரேக் டிரம் சூடேறிடும், லைனிங் பிடிக்காது. கூடவே அடிச்சு அடிச்சு விட்டதுல பிரேக்குக்கான டேங்க்ல ஏர் இறங்கிரும். இதுக்குத் தீர்வு இறக்கம் தொடங்கறதுக்கு முன்னாடியே இருக்கு. ஏறின கியரைவிட ஒரு கியர் கீழ போட்டு இறங்குங்க. முன்னாடி கார் வந்து சொருகினா ஒரே அழுத்தா அழுத்தி வேகத்தை 10 குறைச்சு விட்டுருங்க. லேசா மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டே வர்றதுதான் டிரம்மை வேக வைக்கும். ஏர் குறைஞ்சிருச்சுன்னு பஸ்ஸர் அடிச்சா அடுத்து அகலமான இடத்துல ஓரம் கட்டணும், 'கீழ போயிப் பாத்துக்கலாம்' கிடையாது. டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடறவங்களுக்கு எக்ஸாஸ்ட் பிரேக்கும் இல்ல, இன்ஜின் பிடியும் இல்ல. கார் சொருகினா கும்பிடத்தான் முடியும்.

திம்பம் மாதிரி கொண்டை ஊசி வளைவுல (அங்க 27 இருக்கு) பெரிய வண்டி முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்பும். முன்பக்கம் வெளி ஓரம் போகறதைப் பாத்து, உள் பக்கம் இடம் இருக்குன்னு காரோ பைக்கோ மூக்கை நுழைக்கும். அந்த இடம் உங்க பின் சக்கரத்துக்கு உரியது. வளைவுக்கு 30 மீட்டர் முன்னாடியே ரோட்டுக்கு நடுவுல வந்து நின்னு, ஹாரன் அடிச்சு, மேல கீழ பாத்துட்டுத் திரும்புங்க. பின்னாடி இருக்கறவன் திட்டுவான். திட்டட்டும். ரெண்டு வண்டி போக இடம் இல்லாத மலைப் பாதையில ஏறி வர்ற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்கற வண்டி நின்னு வழி விடணும்ங்கறது விதி.

சைடுமிரர்:

இன்டிகேட்டர் கேள்விக்கு: எதையும் போடாதீங்க.

ரைட் இன்டிகேட்டர் போட்டா 'எதிர்ல வண்டி இருக்கு, ஏறாதே'ன்னு ஒருத்தன் எடுத்துக்குவான், 'ஏறிப் போ'ன்னு இன்னொருத்தன் எடுத்துக்குவான். மூணாவது ஆள், 'இவன் வலது பக்கம் திரும்பப் போறான்'னு எடுத்துக்குவான். சரியா எடுத்துக்கிட்டது அவன்தான். லெஃப்ட் போட்டா 'போலாம்', இல்ல 'ஓரம் கட்டறான்', இல்ல 'இடது பக்கம் திரும்பறான்'. பின்னாடி இருக்கறது கேரளா வண்டியா, ராஜஸ்தான் வண்டியான்னு பாத்துப் பாத்து சிக்னல் போட முடியாது.

விதிப்படி பாத்தா வழி கொடுக்கற சிக்னல்னு ஒண்ணு இருந்தது: வலது கையை வெளிய நீட்டி முன்னும் பின்னும் வீசறது. இன்டிகேட்டர்னு எங்கயும் இல்ல. அதோட, நீங்க பாக்கறது உங்க கேபின் உசரத்துல இருந்து. அவன் வண்டிக்கு எவ்வளவு பிக்கப் இருக்கு, ஆள் எப்படி ஓட்டுவான், எதுவும் உங்களுக்குத் தெரியாது. 'போலாம்'னு சொல்லிட்டா அவன் பாக்கறதை நிறுத்திருவான். அதுதான் பெரிய கெடுதல்.

வழி விடணும்னா வண்டியால சொல்லுங்க. இடது ஓரமா ஒரு அடி ஒதுங்கி, வேகத்தை 10 குறைச்சா எந்த ஊர்க்காரனுக்கும் புரியும். முன்னாடி பாத்து முடிவெடுக்கறது அவன் பொறுப்பாவே இருக்கும்.

கட்டைவண்டி:

ஒரேயடியா அப்படிச் சொல்ல முடியாதுங்க. எதிர்ல வண்டி வருது, பின்னாடி ஆள் தெரியாம ஏற ஆரம்பிக்கிறான். அப்ப சும்மா உக்காந்து இருக்கச் சொல்றீங்களா?

சைடுமிரர்:

தடுக்கறது வேற, அனுமதி கொடுக்கறது வேற. தடுக்கணும்னா வலது கையை வெளிய நீட்டி 'வேண்டாம்'னு காட்டுங்க, பிரேக் லைட்டை ரெண்டு தரம் தட்டுங்க. இது ரெண்டையும் 'போலாம்'னு யாரும் படிக்க மாட்டாங்க. வண்டிய வலது பக்கம் சாச்சு வழிய அடைக்கறது மட்டும் கூடாது. அவன் ஏற்கெனவே பக்கத்துல இருந்தா எதிர் வண்டி மேலயே தள்ளி விடற மாதிரி.

ராத்திரிக்கு ஒண்ணு. தாண்டிப் போனவனுக்கு 'வால் கிளியர் ஆயிருச்சு, உள்ள வா'ன்னு ஹெட்லைட் அடிச்சுக் காட்டறது நல்ல பழக்கம்னு சொல்வாங்க. எதிர்ல வண்டி இருந்தா அதைச் செய்யாதீங்க. இங்க லைட் அடிச்சா 'நான் வர்றேன், ஒதுங்கு'ன்னு அர்த்தம். எதிராளி தனக்குத்தான்னு நெனச்சு வேற ஏதாவது செய்வான். பஸ் உங்க கேபினைத் தாண்டினதும் டிம் பண்ணினாப் போதும், அவன் கண்ணாடியில கூச்சம் இருக்காது, உங்க முன்பக்கம் எங்க இருக்குன்னு அவனே பாத்துக்குவான்.

மாருதி_மதுரை:

நான் கார் ஓட்டறவன், மன்னிக்கணும், ஒரு கேள்வி. நாலுவழிச் சாலையில எங்களை இடது பக்கம் ஓவர்டேக் எடுக்க வைக்கறதே லாரிதானே? வலது பாதையில 60ல போயிட்டே இருக்கீங்க, ஹாரன் அடிச்சாலும் ஒதுங்கறதில்ல. ரெண்டு லாரி பக்கத்துல பக்கத்துல போட்டி போட்டா ரெண்டு கிலோமீட்டருக்கு வழி இல்ல.

ஏர்டேங்க்:

கேள்வி நியாயம்தான் தம்பி. ரெண்டாவதுல இருந்து வர்றேன். எல்லா லாரியும் 80ல கட்டுப்படுத்தற கவர்னர் வெச்சது. ஒண்ணு 80, இன்னொண்ணு 78. வித்தியாசம் ரெண்டே கி.மீ. 60 மீட்டர் கூடுதலா ஓட 108 செகண்ட் ஆகும். அதுக்குள்ள 2.4 கிலோமீட்டர் போயிரும். நீங்க சொன்ன கணக்கு கரெக்ட். இதுக்கு மருந்து இடது பக்கம் இருக்கறவன் கையில இருக்கு. அவன் 78ஐ 70 ஆக்கினா 22 செகண்ட்ல முடிஞ்சிரும். கௌரவம் பாத்துக்கிட்டு யாரும் செய்யறதில்ல, அது எங்க ஆளுங்க குத்தம். வேகம் கூட்டி ஓவர்டேக்கைத் தடுத்தா விதிப்படியே தப்பு.

வலது பாதை விஷயத்துல சட்டம் உங்க பக்கம். கனரக வண்டி இடது பாதைதான். ஆனா ஏன் வலதுல போறாங்கன்னும் தெரிஞ்சுக்கோங்க. இடது பாதையில ராங் சைடுல பைக் வரும். ஓரத்துல விளக்கு இல்லாம பஞ்சரான லாரி நிக்கும். சர்வீஸ் ரோட்டுல இருந்து டிராக்டர் பாக்காம ஏறும். 28 டன்னை 60ல இருந்து நிறுத்த உங்க காரைவிட ரொம்ப தூரம் வேணும். ஏர் பிரேக்குக்கு மிதிச்சதுக்கும் பிடிக்கறதுக்கும் நடுவுல அரை செகண்ட் போல தாமதம் வேற. அந்த பயத்துல வலதுக்குப் போனவன் அப்படியே அங்கயே தங்கிடறான். தங்கறதுதான் தப்பு.

நீங்க இடது பக்கம் தாண்டியே ஆகணும்னா ஒண்ணு மட்டும் செய்யாதீங்க: லாரியோட இடது கதவுக்கு நேரா நிக்காதீங்க. நம்ம ஊரு வண்டிக்கு ஸ்டியரிங் வலது பக்கம். இடது கதவுக்குக் கீழ நாலு சக்கர வண்டியே மறைஞ்சிரும். முன்னெல்லாம் கிளீனர் அந்தப் பக்கம் எட்டிப் பாத்துச் சொல்வான். இப்ப பாதி வண்டி ஒத்தை ஆளுதான். கண்ணாடியில டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியலைன்னா, அவருக்கும் நீங்க தெரியலை.

லாரிக்காரங்களுக்கும்: இடது பக்கம் திரும்பறப்ப பத்து வீல் வண்டியோட பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தைவிட ஒரு மீட்டருக்கு மேல உள்ள வெட்டும். திரும்பறதுக்காக வலது பக்கம் அகலமா எடுத்தீங்கன்னா, அந்த இடைவெளியில பைக் நுழையும். 100 மீட்டர் முன்னாடியே லெஃப்ட் இன்டிகேட்டர், வேகம் நடைவேகத்துக்கு, திருப்பறதுக்கு முன்னாடி ஒரு தரம், திருப்பிக்கிட்டு இருக்கும்போது ஒரு தரம் இடது கண்ணாடி. ரெண்டாவது தரம் பாக்கறதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க.

ஸ்பேனர்_செட்டு:

ஒர்க்‌ஷாப் பக்கத்துல இருந்து நாலு விஷயம். ஓவர்டேக் எடுக்கறவன் தப்புக் கணக்குப் போடறதுல உங்க வண்டியோட பின்பக்கத்துக்கும் பங்கு உண்டு.

டெயில் லேம்ப்ல எர்த் துருப்பிடிச்சா பிரேக் மிதிக்கும்போது இன்டிகேட்டரும் மங்கலா சேந்து எரியும், இன்டிகேட்டர் போட்டா பிரேக் லைட் மினுக்கும். பின்னாடி வர்றவனுக்கு நீங்க நிக்கறீங்களா திரும்பறீங்களான்னே தெரியாது. பல்பை மாத்தி மாத்திப் பாத்துக் காசு போகும். கோளாறு எர்த் வயர்ல. சேஸிஸ்ல போல்ட் இருக்கற இடத்தைச் சுரண்டி, பெயின்ட் இல்லாத இரும்புல முறுக்குங்க, மேல கிரீஸ் தடவுங்க. இன்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமா டிக் டிக்னு அடிச்சா அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருச்சுன்னு அர்த்தம்.

ரிஃப்ளெக்டர் டேப் முன்னாடி வெள்ளை, பக்கவாட்டுல மஞ்சள், பின்னாடி சிவப்பு, 50 மி.மீ. அகலம். எஃப்சிக்காக (தகுதிச் சான்றிதழ்) ஒட்டினதோட சரி, அப்புறம் அது மேல மூணு மாசத்து சேறு. தண்ணி விட்டுத் துணியால துடைச்சா ரெண்டு நிமிஷ வேலை. பின்னாடி உள்ள தடுப்புக் கம்பி தரையில இருந்து 550 மி.மீக்கு மேல இருக்கக் கூடாது. ரிவர்ஸ்ல இடிச்சு வளைஞ்சு மேல தூக்கிக்கிட்டு இருந்தா கார் அடியில போறதுக்கு வழி விட்ட மாதிரி.

கண்ணாடி: வலது பெரிய கண்ணாடியோட உள் ஓரத்துல உங்க பாடி ஒரு விரற்கடை மட்டும் தெரியணும். பாதிக் கண்ணாடியில சொந்த பாடியைப் பாத்துக்கிட்டு இருக்கறவங்க ஏராளம். குவிகண்ணாடியில வண்டி நெசத்தைவிட தள்ளி இருக்கற மாதிரி காட்டும். பஸ் ஏறி வர்ற வேகத்தைக் குவிகண்ணாடி பாத்துக் கணக்குப் போடாதீங்க, அதுக்குத் தட்டைக் கண்ணாடி. குவிகண்ணாடி 'யாராவது இருக்காங்களா'ங்கறதுக்கு மட்டும். கண்ணாடிக் கை ஆடினா ராத்திரியில ஒரு ஹெட்லைட் ரெண்டாத் தெரியும். புஷ்ஷை மாத்துங்க, ரப்பர் டியூப் வெட்டிக் கட்டறது மழைக்குத் தாங்காது.

பின்னாடி நீலம் பச்சைன்னு சீரியல் பல்பு கட்டறது அழகுதான். பிரேக் லைட் எதுன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள பின்னாடி வர்றவன் மூணு வண்டி நீளம் வந்திருப்பான்.

வழக்குக்கட்டு:

உரசிட்டுப் போயிட்டா என்ன செய்யறதுங்கறதை யாரும் சொல்லலை.

மோட்டார் வாகனச் சட்டம் 134வது பிரிவு: காயம் பட்டவருக்கு மருத்துவ உதவி, 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ் ஸ்டேஷன்ல தகவல், இன்சூரன்ஸுக்கு எழுத்துல தகவல். கூட்டம் அடிக்க வருதுன்னா அந்த இடத்துல நிக்க வேண்டிய கட்டாயம் இல்ல, சட்டத்துலயே அது இருக்கு. ஆனா அங்க இருந்து நேரா ஸ்டேஷனுக்குப் போகணும். உயிர் போன விபத்துல தகவல் சொல்லாம போனா பத்து வருஷம் வரை சிறைன்னு 2024 ஜனவரியில டிரைவர்கள் ஸ்டிரைக் பண்ணினது பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்தது) 106(2)க்கு எதிராத்தான். 2024 ஜூலை 1 அன்னிக்குப் புதுச் சட்டம் அமலுக்கு வந்தப்ப அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வெச்சாங்க. அது 134 சொல்ற கடமையை மாத்தாது. ஆம்புலன்ஸ் 108, தேசிய நெடுஞ்சாலைன்னா 1033.

முறை தவறி ஓவர்டேக் எடுக்கறது 2019 திருத்தத்துக்குப் பிறகு 184வது பிரிவுல 'ஆபத்தான ஓட்டுதல்'னே வருது. முதல் தடவைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், இல்ல ஆறு மாசம் முதல் ஒரு வருஷம் வரை சிறை, இல்ல ரெண்டும். பெரிய வண்டி மேலதான் கேஸ்னு பேச்சு இருக்கே, அதை உடைக்கறது டேஷ்கேம் (ரோட்டைப் பதிவு பண்ண கேபின்ல வெக்கற கேமரா) ஒண்ணுதான்.

கேமராவுல கவனிக்க வேண்டியது: 64 ஜிபி கார்டுல ஃபுல் எச்டியில சுமார் எட்டொன்பது மணி நேரம் நிக்கும், அப்புறம் பழசு மேல புதுசு எழுதும். சம்பவம் நடந்தா உடனே கார்டைக் கழட்டி வேற கார்டு போடுங்க. தேதி, நேரம் சரியா இருக்கணும். 2017ன்னு காட்டற வீடியோவை வெச்சு கோர்ட்ல வாதாட முடியாது. வெறும் வாட்ஸ்அப்ல அனுப்பின கிளிப் பத்தாது. மின்னணுப் பதிவுக்கு பாரதிய சாட்சிய அதிநியம் (புதுச் சாட்சியச் சட்டம்) 63வது பிரிவுப்படி சான்றிதழ் வேணும், அதனால மூலக் கார்டை அப்படியே வெச்சிருங்க. நம்ம வெயிலுக்கு உள்ள பேட்டரி வெச்ச கேமரா உப்பிக்கும். கெப்பாசிட்டர் வெச்சது வாங்குங்க.

சங்ககிரி_டென்வீலர்:

எல்லாருக்கும் நன்றி. மூக்கு எங்க இருக்குன்னு பாக்கணும்ங்கறது புரிஞ்சுது. கார் சொருகற கேள்வி மட்டும் பாக்கி. அப்புறம் கேமராவுக்கு 12 வோல்ட் அடாப்டர்தான் கைவசம் இருக்கு. ரெண்டு பேட்டரியில ஒண்ணுல இருந்து லைன் எடுத்துக்கலாமா?

ஏர்டேங்க்:

60ல லோடு வண்டிக்கு நாலு செகண்ட் இடைவெளி, அதாவது 67 மீட்டர். முன்வண்டி ஒரு போஸ்டைத் தாண்டினதும் ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டுன்னு எண்ணி நாலுல நீங்க அந்த போஸ்ட்டுக்கு வரணும். கார் நுழைஞ்சா காலை எடுத்து மறுபடி இடைவெளியை உண்டாக்குங்க. ஒரு காருக்கு மிஞ்சிப் போனா நாலு செகண்ட் நஷ்டம். இருபது கார் நுழைஞ்சாலும் 80 செகண்ட், டோல்கேட் வரிசையில அதுக்கு மேல போகுது. உங்களைவிட வேகமா வந்து நுழையறவன் பெரும்பாலும் தானே முன்னாடி போயிருவான், நீங்க காலை எடுக்கக் கூட வேண்டியிருக்காது.

ஸ்பேனர்_செட்டு:

ஒரு பேட்டரியில இருந்து 12 எடுக்காதீங்க. அந்த பேட்டரி மட்டும் இறங்கும். ஆல்டர்னேட்டர் ரெண்டையும் சேத்து 24ஆ சார்ஜ் பண்றதால இறங்கினது நிறையாது, இன்னொண்ணு அதிகமா சார்ஜ் ஆகி தண்ணி வத்தும். ஒரு வருஷத்துல ரெண்டும் போயிரும். 12–24ன்னு போட்ட அடாப்டரா வாங்குங்க, இல்ல 24ஐ 12 ஆக்கற கன்வர்ட்டர் போட்டு இக்னிஷன் லைன்ல இருந்து 3 ஆம்ப் ஃபியூஸோட எடுங்க. கைவசம் இருக்கற 12ஐ நேரா 24ல சொருகினா புகைதான்.